ஊருக்கு ஒரு பள்ளி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா என்றால் ஆடலும் பாடலும் உண்டு. பரிசளிப்பும் பாராட்டும் உண்டு. அவற்றுக்கு நடுவே சிறிது நேரம் கல்வியைப் பற்றிப் பேசுக என்று சங்கத்தார் நம்மைப் பணித்திருக்கிறார்கள். கல்வியின் பெருமையைப் பாடாத புலவர் தமிழில் இல்லை. ஆதலின் அதன் பெருமையை இன்று நாம் விரித்துரைக்கப் போவதில்லை. அந்தக் கல்வி எந்த வாயில் வழியாக எந்தப் பிள்ளைக்குச் சென்று சேர்கிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். வாயில் ஒன்றா, பலவா? பலவாயின், எந்தப் பிள்ளை எந்த வாயிலில் நுழைவது என்பதை முடிவு செய்பவர் யார்? இக்கேள்விகளை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடியிருக்கும் இந்த அவையில் எழுப்பாமல் வேறெங்கே எழுப்புவது?

முதலில் கடல் கடந்த நாடொன்றின் செய்தியைக் கூறுவோம். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் சந்தைப் பேரூர்கள் பல உண்டு. சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் அவையே நடுவிடம். நம் திருநெல்வேலிச் சீமையில் வாரச் சந்தை கூடும் ஊர்களை நினைத்துக்கொண்டால் போதும். அத்தகைய ஊரொன்றில் உழவர் பிள்ளையும், மருத்துவர் பிள்ளையும், கடைக்காரர் பிள்ளையும், ஆலைத் தொழிலாளி பிள்ளையும் பதினோரு வயது வரை ஒரே தொடக்கப்பள்ளியில் படிப்பார்கள். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்நாட்டில் உயர்நிலைக் கல்வியை எல்லார்க்கும் கட்டணமின்றி வழங்கியது. அது பெரும் புரட்சிதான். ஆயினும் அதன்பின் ஒரு வழக்கம் வேரூன்றியது. பதினோராம் வயதில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தார்கள். ஏறத்தாழ நால்வரில் அல்லது ஐவரில் ஒரு பிள்ளை தேறி, பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டும் இலக்கணப் பள்ளிக்குச் சென்றது. எஞ்சிய பிள்ளைகளிற் பெரும்பாலோர் வேறு வகைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, பதினைந்து வயதில் சான்றிதழ் எதுவுமின்றி வேலைக்குப் போனார்கள்.

எண்ணிப் பாருங்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பள்ளி, தம்பி மற்றொரு பள்ளி. ஒரே தெருவில் விளையாடிய இரு தோழியரை ஒரு காலைப்பொழுதில் எழுதிய தேர்வு பிரித்துவிட்டது. பதினோரு வயதில் மனிதனின் அறிவை அளந்து முத்திரை குத்த முடியுமா? மெல்ல மலரும் மலர் மலரே அன்றோ?

இக்கேள்வியிலிருந்து பிறந்ததே பொதுப்பள்ளி என்னும் கருத்து. ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரையும், தேர்ந்தெடுக்காமல், தள்ளிவிடாமல், ஒரே உயர்நிலைப் பள்ளி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது. வேல்சு நாட்டின் ஆங்கிள்சீத் தீவு, 1950களின் தொடக்கத்திலேயே தன் பிள்ளைகள் அனைவர்க்கும் இம்முறையை அமைத்துக்கொண்டது. 1954இல் இலண்டன் மாநகரில் கிட்புரூக் என்னும் இடத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் பெண் பிள்ளைகள் பயிலத்தக்க பெரும் பொதுப்பள்ளி எழுந்தது. 1965இல் கல்வி அமைச்சர் அந்தோணி குரோசுலாந்து உள்ளாட்சிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை விடுத்து, பொதுப்பள்ளி முறைக்கு மாறும் திட்டங்களை வகுக்குமாறு கேட்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் இலக்கணப் பள்ளிகள் மிகப்பல பொதுப்பள்ளிகளாயின. ஒரே உயர்நிலைப் பள்ளியை மட்டும் தாங்கக்கூடிய சந்தைப் பேரூர்களுக்கு இம்முறை இயல்பாகவே பொருந்தியது.

இதனால் எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டதென்று நாம் கூறவில்லை. கெண்ட், இலிங்கன்சையர் போன்ற பகுதிகளில் தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளிகள் இன்றும் உள்ளன. அந்நாட்டில் அவை ஏறத்தாழ நூற்றறுபது இருக்கும். மேலும், பெருநகரங்களில் நல்ல பொதுப்பள்ளியின் அருகே வீட்டு விலை உயர்ந்துவிடுகிறது. வாயிலில் நின்ற தேர்வு போனாலும் தெருமுனையில் பணம் வந்து நின்றுகொண்டது. ஆயினும் ஒரு கொள்கை நிலைபெற்றது. ஊரார் பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் ஒன்றாகப் பயில்வதே இயற்கை, பிரிப்பதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும் என்பதே அக்கொள்கை.

அன்பர்களே! இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் நகரில் பதினோரு வயதுத் தேர்வு இல்லை. ஆனால் மூன்று வயதுத் தேர்வு ஒன்று நடக்கிறது. அதை எழுதுவது பிள்ளையன்று, தந்தையின் பணப்பை. மழலை வகுப்பில் சேரும் நாளிலேயே, ஒரு பிள்ளை எந்த மொழியில் படிக்கும், யாருடன் படிக்கும், எதுவரை படிக்கும் என்பவை பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன.

நம் தமிழர் வாழ்விடங்களையே பாருங்கள். 1896இல் பம்பாயைக் கொள்ளை நோய் சூறையாடியது. அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. நெரிசல் மிகுந்த நகரத்துக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களும் மரநிழலும் கொண்ட குடியிருப்புகளை அது வகுத்தது. அங்கே, அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் சுருக்கெழுத்தாளராகவும் பணியாற்ற வந்த தென்னாட்டார் குடியேறினர். அவர்கள் முதலில் தேடியவை கோயிலும் பள்ளியும். 1932இல் எம். வி. வேங்கடேசுவரன் அவர்கள் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பள்ளியாகத் தொடங்கிய அம்முயற்சி, 1960இல் சயானில் கல்லூரி கண்டு, பின்னர் நவி மும்பை வரை கிளைத்துப் பரவியது. தம் பிள்ளைகளுக்குத் தாமே பள்ளி சமைத்துக்கொண்ட புலம்பெயர் மக்களின் பெருமைக்கு அது சான்று.

அதே காலத்தில் இருப்புப்பாதைக்கு அப்பால் தாராவியிலும் தமிழர் வாழ்ந்தனர். மேற்கு இரயில்பாதைக்கும் மத்திய இரயில்பாதைக்கும் இடையே, மித்தி ஆற்றங்கரைச் சதுப்பை மேடாக்கிக் குடியேறியோரில் நம்மவர் பலர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் கையும் உடலும் தேய உழைத்தவர்கள் அவர்கள். அவர்தம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது மாநகராட்சிப் பள்ளி.

அம்மாநகராட்சிப் பள்ளியையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. மராத்தி, இந்தி, உருது, குசராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி உலகில் வேறெத்தனை உண்டு? ஒரே கட்டடத்தில் ஓர் அறையில் தமிழ் எழுத்தும், அடுத்த அறையில் உருது எழுத்தும் கரும்பலகையில் எழுதப்படும் காட்சி வேறெங்கே கிடைக்கும்? பிழைக்க வந்தவனின் மொழியையும் மதித்து, அவன் பிள்ளைக்கு அதிலேயே பாடம் சொன்ன இந்நகருக்கு நாம் நன்றியுடையோம்.

ஆனால் அப்பள்ளியில் நெடுங்காலம் ஒரு சுவர் இருந்தது. தொடக்கக் கல்வி ஏழாம் வகுப்போடு முடியும். எட்டாம் வகுப்பைத் தமிழில் தொடர வாய்த்த இடங்கள் மிகச் சிலவே. ஏழாண்டு தமிழில் படித்த பிள்ளை திடீரென ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ கணக்கும் அறிவியலும் கற்க வேண்டியதாயிற்று. கணக்கு அறிந்த பிள்ளை, கணக்கின் மொழியை அறியாமையால் தோற்றது. பலர் அங்கேயே படிப்பை நிறுத்தினர். ஆண் பிள்ளை பட்டறைக்குப் போனான். பெண் பிள்ளை வீட்டு வேலைக்குப் போனாள். இங்கிலாந்தில் பதினோரு வயதில் நின்ற தடை, தாராவியில் பன்னிரண்டு வயதில் நின்றது. வேறுபாடு ஒன்றே: அங்கே அதற்குத் தேர்வு என்று பெயரிருந்தது, இங்கே பெயரே இல்லை.

இதைக் கண்ட பெற்றோர் என்ன செய்தார்கள்? வயிற்றைக் கட்டி, கடன் வாங்கி, கட்டணம் வாங்கும் ஆங்கில வழிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். தமிழ் வழி வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்தார்கள். குறையக் குறைய, கிடைத்த பள்ளியிலேயே படிக்க வேண்டிய மிக ஏழைப் பிள்ளைகள் மட்டுமே அங்கே எஞ்சினர். அந்தப் பெற்றோரைப் பழிப்பது அறமன்று. மொழிப்பற்றை ஏழையின் பிள்ளை மட்டுமே சுமக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை உண்டு?

நம் நாட்டுப் பேரறிஞர்கள் இதை எண்ணாமலில்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பொதுப்பள்ளி முறையையும் அண்மைப்பள்ளி முறையையும் பரிந்துரைத்தது. சாதி, செல்வம், மதம் பாராமல் ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் யாவரும் அவ்வட்டாரப் பள்ளியில் ஒன்றாகப் பயில வேண்டும் என்றது. 1968ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் அதை ஏற்றது. ஏற்றதோடு நின்றது.

தமிழ்நாட்டில் இவ்வழியில் சில படிகள் ஏறினார்கள். 1920இலேயே சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியாரின் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. 1954இல் முதலமைச்சரான காமராசர், பள்ளிப் படிப்பை இடையில் விட நேர்ந்தவர். அவர் ஊர்தோறும் பள்ளி திறந்து, பகலுணவும் தந்தார். பசியோடு வரும் பிள்ளையும் உண்டு வரும் பிள்ளையும் ஒரே பந்தியில் அமர்ந்ததும் பொதுப்பள்ளியின் ஒரு பாடமே. பின்னர், மாநில வாரியம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காய்ப் பிரிந்து கிடந்த பாடத்திட்டங்களை ஒன்றாக்கச் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. வழக்குகளுக்குப் பின், 2011 ஆகத்தில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. பாடநூல் ஒன்றானது, பள்ளிகள் இன்னும் ஒன்றாகவில்லை. எனினும் பாதி வழி வந்தவனை வழி வராதவன் நகைக்கலாகாது.

இந்திய நாடு முழுமைக்கும் 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கட்டணமில்லாக் கல்வி உரிமையாயிற்று. தனியார் பள்ளிகளும் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்க வேண்டும் என்றது அச்சட்டம். 2024இல் மகாராட்டிர அரசு, அண்மையில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளிக்கு இக்கடமை இல்லையென விதியைத் திருத்தியது. அவ்வாண்டு சூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாதென்று தள்ளியது. வாயில் மூடப்படாமல் காக்கப்பட்டது. ஆனால் திறந்திருக்கும் வாயில் எங்கே இருக்கிறதென்று அறியாதவனுக்கு அது மூடியிருப்பதற்கு ஒப்பே.

இங்கே நம்மவர்க்கு மட்டும் உரிய இடரொன்று உண்டு. பிறந்த மாநிலத்தில் பட்டியலினத்தவராய் உரிமை பெற்ற ஒருவர், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அவ்வுரிமை அங்கே உடன் வாராது என்று உச்ச நீதிமன்றம் 1990களில் தீர்ப்பளித்தது. தாம் 1950க்கு முன்பே இங்கு வாழ்ந்த குடும்பம் என்று தாராவித் தமிழன் தாள் காட்ட வேண்டும். தோலைப் பதனிட்ட பாட்டனுக்கு, வந்த நாளைக் காட்டும் தாளைப் பதனிட்டு வைக்கத் தெரியவில்லை! ஆகவே பேரப்பிள்ளையின் விண்ணப்பம் சான்றிதழுக்காகக் காத்து நிற்கிறது.

அன்பர்களே! பொதுப்பள்ளி என்றதும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. கூர்த்த மதியுள்ள பிள்ளை, மெல்லக் கற்கும் பிள்ளைகளோடு சேர்ந்தால் தேங்கிவிடாதா என்பது முதல் ஐயம். பொதுப்பள்ளி என்பது எல்லார்க்கும் எல்லாப் பாடமும் ஒரே வேகத்தில் சொல்வதன்று. கணக்கில் முந்துவோர்க்குக் கணக்கில் முந்திய வகுப்பு, கைத்தொழிலில் வல்லார்க்குக் கைத்தொழிற் கூடம் என இங்கிலாந்துப் பொதுப்பள்ளிகள் பல அமைத்துக்கொண்டன. கணக்கில் பிந்தியவன் ஓவியத்தில் முந்துவான். ஆட்டக்களத்தில் மற்றொருவன் தலைவனாவான். ஒருவன் எல்லாவற்றிலும் கடையன் என்று முத்திரை பெறும் இழிவு அங்கே நேர்வதில்லை. மேலும், உடன் படிப்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை தானும் இருமுறை கற்கிறது.

மாநகராட்சிப் பள்ளியில் தரம் எங்கே இருக்கிறது என்பது இரண்டாம் ஐயம். தரம் கட்டடத்தில் பிறப்பதன்று. கேட்பவர் இருக்கும் இடத்தில் பிறப்பது. மும்பை மாநகராட்சி 2020 முதல் மத்திய வாரியப் பாடத்திட்டத்தில் தன் பள்ளிகள் சிலவற்றைத் தொடங்கியது. அவற்றில் இடம் பெற விண்ணப்பங்கள் குவிந்தமையால் குலுக்கல் முறையில் சேர்த்தார்கள். மாநகராட்சிப் பள்ளி என்றால் முகம் சுளித்த நகரம், அதே மாநகராட்சியின் பள்ளிக்குக் குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருந்தது. குறை மாநகராட்சி என்னும் பெயரில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அரசு செய்யட்டும், நீதிமன்றம் செய்யட்டும் என்று விட்டுவிடுவது சங்கத்துக்கு அழகன்று. ஊருக்கு ஒரு பள்ளியை நாமே கட்டிவிட முடியாது. ஆனால் பள்ளிகள் பிரித்து வைத்த நம் பிள்ளைகளைச் சேர்த்து வைக்க நம்மால் முடியும். நான்கு செயல்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: கல்வி உரிமைச் சேர்க்கைக்கு ஆண்டுதோறும் இணைய வழியில் விண்ணப்பம் கேட்கிறார்கள். அந்நாட்களில் சங்க மன்றத்தில் ஒரு மேசையும், கணினி அறிந்த இரு இளைஞரும், சான்றிதழ்களைப் பார்த்துச் சொல்லும் ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரும் அமரட்டும். அரசு அலுவலகங்களில் வாழ்நாளைக் கழித்த பெரியவர்கள் மாட்டுங்காவில் எத்தனை பேர்! அவர்கள் எழுத்தறிவு தாராவியின் தாள்களுக்குத் துணையாகட்டும்.

இரண்டு: ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையிலுள்ள ஆற்றுக்குப் பாலம் வேண்டும். கோடை விடுமுறையில், தமிழில் அறிந்த கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலச் சொற்களில் பெயர்த்து உரைக்கும் வகுப்பொன்று நடத்தலாம். செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் வாழும் அறிவியலாளர்களும் பொறியாளர்களும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஈந்தால் போதும்.

மூன்று: சங்கத்தின் தமிழ் வகுப்பு, மூன்று இடத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக நடக்கட்டும். மாட்டுங்காப் பிள்ளை ஆங்கிலம் அறிவான், தமிழ் எழுத்துக் கூட்டத் திணறுவான். தாராவிப் பிள்ளை தமிழை ஆற்றொழுக்காய்ப் படிப்பான், ஆங்கிலத்துக்குத் தயங்குவான். இருவரையும் ஒரே பாயில் அமர்த்துங்கள். ஒருவருக்கு ஒருவர் ஆசிரியராவர். ஈவதும் ஏற்பதும் இருபுறமும் நிகழும்போது அங்கே இரக்கம் என்னும் சொல்லுக்கு இடமில்லை, நட்புக்கே இடம். அறிவுடையவன் எக்குடியிற் பிறந்தாலும் அவன் வழியே அரசும் செல்லும் என்ற உண்மையைப் பழந்தமிழ் அரசர்களே அறிந்திருந்தார்கள்.

நான்கு: கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். தாராவித் தாய்மார்களே! அந்த நாற்காலி உங்களுக்காகச் சட்டம் இட்ட நாற்காலி. கூலி போகுமே என்று அஞ்சி அதை வெறுமையாய் விடாதீர்கள். கூட்டத்தை மாலையில் வைக்கச் சொல்லுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, ஆசிரியர் பணியிடம் நிரம்பியதா என்று கேளுங்கள். கேட்கும் தாய் இருக்கும் பள்ளியில் பிள்ளை வளரும்.

இறுதியாக, நம் பரிசுகளைப் பற்றி ஒரு சொல். பத்தாம் வகுப்பில் மிகுந்த மதிப்பெண் பெற்றோர்க்கு ஆண்டுதோறும் சங்கங்கள் பரிசளிக்கின்றன. அது நன்று, தொடரட்டும். ஆனால் அவர்கள் கரை ஏறியவர்கள். நடு ஆற்றில் நிற்பவனுக்குத்தான் படகு வேண்டும். எட்டாம் வகுப்போடு சட்டம் தரும் கட்டணமில்லாக் கல்வி பலர்க்கு முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் கட்டணச் சீட்டு கையில் வந்து விழுகிறது. அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு, மதிப்பெண் கேளாமல், இரண்டாண்டுக்கு உதவும் நிதியொன்றை இவ்வாண்டே தொடங்குவோம். ஒரு பட்டுச்சேலையின் விலையில் ஒரு பிள்ளையின் ஓராண்டுப் புத்தகச் செலவு அடங்கும் என்பதைத் தாய்மார்கள் கணக்கிட்டுப் பாருங்கள்.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே செல்லலாம். இடையே கிடப்பது ஓர் இருப்புப்பாதை. அதைக் கடக்க மேம்பாலம் ஏற்கெனவே உண்டு. பிள்ளைகள் கடக்கும் பாலத்தை அமைப்பதே இனி நம் வேலை. அதற்குரிய முதற்கல்லை இவ்விழா நாளிலேயே நாட்டுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பிள்ளைகள்! வாழ்வளித்த இம்மும்பை மாநகர் வாழ்க!